புற்று: செங்கல்பட்டுக் கரையோரம் நின்று ஒரு மருத்துவ வரலாறு

தமிழில் ‘புற்று’ என்னும் சொல்லுக்கு இரண்டு வாழ்க்கைகள் உண்டு. ஆடி வெள்ளியில் மஞ்சளும் குங்குமமும் இட்டு, பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் பால் வார்க்கும் புற்று ஒன்று. அந்தப் பிள்ளை வெளிவரும் வாயிலிலேயே, கண்ணுக்குத் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் வளரும் புற்று மற்றொன்று. கிரேக்க மருத்துவர்கள் இந்நோயில் நண்டைக் கண்டனர். நம்மவர் கறையான் எழுப்பும் மண்மேட்டைக் கண்டனர். கருப்பை வாய்ப் புற்றைப் பொறுத்தவரை நம் உவமையே பொருத்தமானது எனலாம். மேடு வெளியே தெரியும்போது, கறையான் மண்ணுக்கடியில் நெடுந்தொலைவு போயிருக்கும்.

இந்நோய் தொடக்கநிலையில் கண்டறியப்பட்டால் குணமாகும். இது அண்மைக்காலச் செய்தியன்று. இதற்கு நூறாண்டு வயதாகிறது. ஆயினும் 2022ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அவ்வோராண்டில் புதிதாக நோயுற்ற பெண்கள் ஏறத்தாழ 1,27,000 பேர். இறந்தோர் ஏறத்தாழ 80,000 பேர். குணமாகும் நோயால் இத்தனை பேர் ஏன் இறக்கவேண்டும்? மருந்துக்கும் நோயாளிக்கும் இடையே உள்ள தொலைவை அளந்தாலன்றி இக்கேள்விக்கு விடையில்லை. அந்தத் தொலைவை, நாம் வாழும் செங்கல்பட்டு, மாமல்லபுரம் கரையோரத்திலிருந்து அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கத்தியும் கதிரும் பிறந்த ஆண்டு

1898ஆம் ஆண்டு நவம்பரில் வியன்னா நகரத்தில் எர்ன்ஸ்ட் வெர்த்தைம் என்னும் அறுவை மருத்துவர், கருப்பையை மட்டுமன்றி அதைச் சுற்றியுள்ள திசுக்களையும் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றும் பேரறுவையைத் தம் முதல் நோயாளிக்குச் செய்தார். அதே ஆண்டு டிசம்பரில் பாரிஸ் நகரத்தில் மேரி கியூரியும் பியர் கியூரியும் ரேடியத்தை உலகுக்கு அறிவித்தனர். கத்தி, கதிர் என்னும் இவ்விரண்டு வழிகளும் ஒரே ஆண்டில் பிறந்தன என்பது வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று. இன்றுவரை இந்நோயின் சிகிச்சை இவ்விரண்டுக்கும் இடையேதான் நடைபோடுகிறது.

வெர்த்தைமின் முதல் நோயாளர்களுள் மூவரில் ஒருவருக்கு மேல் அறுவையின் விளைவாகவே இறந்தனர். அன்று குருதி ஏற்றும் வசதி இல்லை. கிருமிக்கொல்லி மருந்துகளும் இல்லை. எனவே பல நாடுகளில் மருத்துவர்கள் கத்தியை விட்டுக் கதிருக்குத் திரும்பினர். ரேடியத்தைச் சிறு குழாய்களில் அடைத்துக் கருப்பை வாயின் உள்ளேயே வைத்து, புற்றை அருகிருந்து எரிக்கும் முறை உருவாயிற்று. ஸ்டாக்ஹோம், பாரிஸ், மான்செஸ்டர் என்று ஒவ்வொரு நகரமும் தனக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டது. குருதியேற்றமும் பெனிசிலினும் வந்தபின், அமெரிக்காவில் ஜோ மெய்க்ஸ் 1940களில் அறுவைக்கு மறுவாழ்வு கொடுத்தார். நம் நாட்டில் கல்கத்தாவின் சுபோத் மித்ரா, பிறப்புவழி அறுவையையும் நிணநீர்க்கணு நீக்கத்தையும் இணைத்துத் தம் பெயரால் வழங்கும் முறையை வகுத்தார். அவர் முயற்சியால் எழுந்த சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனையை 1950இல் மேரி கியூரியின் மகள் ஐரின் ஜோலியோ கியூரி திறந்துவைத்தார் என்பது இங்கே நினைக்கத்தக்கது.

சென்னையின் பெண்கள்

நோயுற்ற உறுப்பை ஆண் மருத்துவருக்குக் காட்ட மறுத்தே மாண்ட பெண்கள் எத்தனை பேர் என்று எந்த ஏடும் கணக்கு வைக்கவில்லை. அந்தத் தடையை உணர்ந்தவர் மேரி ஷார்லீப். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து பயின்ற அவர், 1885இல் கோஷா பெண்களுக்கெனத் தனி மருத்துவமனை எழக் காரணரானார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை எனப்படுவது அதுவே. ரேடியமும் எக்ஸ் கதிரும் சென்னையில் நிலைகொண்டது 1934இல் பொது மருத்துவமனையில் தொடங்கிய பர்னார்டு கதிரியல் நிலையத்தில். செங்கல்பட்டிலிருந்து ரயிலேறிச் சென்றால் எழும்பூர் நெடுந்தொலைவில்லை. ஆனால் ரயிலேறும் அளவுக்குத் தன் நோயைப் பேசத் துணிந்த பெண்ணுக்குத்தான் அத்தொலைவு குறைவு.

இந்த இடத்தில் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் வருகிறது. 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவைக்குள் நுழைந்தவர். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர். தமிழ் வாசகர்கள் அவரை அவ்வகையில் நன்கறிவர். 1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்த இழப்பு முப்பதாண்டு காலம் அவரை உறங்கவிடவில்லை. புற்றுநோயாளர் எப்படியும் இறப்பவர்தாமே, அவர்களுக்கெனத் தனி மருத்துவமனை எதற்கு என்னும் மனப்போக்கு அரசிலும் மருத்துவத்திலும் வேரூன்றியிருந்த காலம் அது. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு காசு காசாகத் திரட்டி, 1952இல் நேருவைக் கொண்டு அடிக்கல் நாட்டி, 1954 ஜூன் 18இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். மகன் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த சாந்தாவும் அதை வளர்த்தனர். 2021 ஜனவரியில் மறையும்வரை சாந்தா அவ்வளாகத்தைப் பிரியவேயில்லை.

அன்று அடையாற்றுக்கு வந்த பெண் நோயாளர்களுள் மிகுதியானோரைப் பீடித்திருந்தது கருப்பை வாய்ப் புற்றுதான். முத்துலட்சுமியின் இரண்டு போராட்டங்களும் வெவ்வேறு என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அவை ஒன்றே. பெண்ணுடலை ஊர் ஆள்வதை எதிர்த்தவர், அதே உடலை ஊர் கைவிடுவதையும் எதிர்த்தார்.

‘கரண்ட்’ வைத்தல்

1957இல் கனடாவிலிருந்து கோபால்ட் கதிர்க்கருவி அடையாற்றுக்கு வந்தது; ஆசியாவில் அதுவே முதலாவது என்பர். ரேடியம் உள்ளிருந்து எரிக்கும். கோபால்ட் வெளியிலிருந்து இடுப்பெலும்புக் கூட்டின் ஆழம்வரை கதிரைச் செலுத்தும். இரண்டையும் இணைத்தபோது, அறுவைக்கு அப்பாற்பட்டது எனக் கைவிடப்பட்ட நோயும் வசப்படலாயிற்று.

நம் மக்கள் இச்சிகிச்சைக்கு இட்ட பெயர் ‘கரண்ட் வைத்தல்’. அச்சமும் நம்பிக்கையும் ஒருசேர ஒலிக்கும் பெயர் அது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் 1980களில் இயங்கத் தொடங்கியபின், ‘கதிர்’ என்னும் சொல் இக்கரையோரத்தில் வேறொரு பொருளும் பெற்றது. கொக்கிலமேட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் கதிர் என்றால் நோயைத் தருவது என்றே முதலில் பொருள்கொள்வர். அச்சம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் அளந்து, குறிவைத்து, நாள் வகுத்துக் கொடுக்கப்படும் கதிர் வேறு என்பதை அவர்கள் மொழியிலேயே எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை படித்தவர்க்கு உண்டு.

இக்கருவியின் இயல்பிலேயே ஒரு காலக்கணக்கு அடங்கியிருக்கிறது. கோபால்ட் தன் ஆற்றலில் பாதியை ஐந்தேகால் ஆண்டில் இழந்துவிடும். குறித்த காலத்தில் மூலத்தை மாற்றாவிடில், ஒவ்வொரு நோயாளியும் படுத்திருக்க வேண்டிய நேரம் இருமடங்காகும். வெளியே வரிசை நீளும். நோயாளியின் பக்கமும் ஒரு காலக்கணக்கு உண்டு. வெளிக்கதிர் ஐந்து வாரம், பின்னர் உட்கதிர் சில அமர்வுகள் என்று எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும். ஐந்து வாரம் நாள்தோறும் வரவேண்டும் என்றால் என்ன பொருள்? மீன் விற்கும் பெண்ணுக்கு அத்தனை நாளும் வருவாய் இல்லை என்று பொருள். வீட்டில் சோறாக்க ஆளில்லை, பேருந்துக் கட்டணத்துக்குக் கடன் என்று பொருள். மூன்றாவது வாரத்தில் உதிரப்போக்கு நின்றதும், ‘சரியாகிவிட்டது’ என்று அவள் வீட்டோடு தங்கிவிடுகிறாள். மருத்துவ ஏடு அவளைச் ‘சிகிச்சையை முடிக்காதவர்’ என்று குறித்துக்கொள்கிறது.

மாவட்டத்தின் பங்கு

1997வரை காஞ்சிபுரமும் திருவள்ளூரும் அடங்கிய பெரும்பரப்பே செங்கல்பட்டு மாவட்டம். இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பரில் பிறந்தது. உலக மருத்துவ ஏடுகளில் ‘சிங்கிள்புட்’ என்னும் பெயர் பெரிதும் அடிபடுவது, 1968இல் இம்மாவட்டத்தில் தொடங்கிய காசநோய்த் தடுப்பூசி ஆய்வாலும், திருமணியில் இயங்கும் தொழுநோய் ஆய்வு நிறுவனத்தாலும்தான். ஆனால் புற்றுநோய் வரலாற்றிலும் இதற்கு ஓரிடம் உண்டு. மருத்துவமனையில் காத்திராமல் ஊர் தேடிச் சென்று புற்றைக் கண்டறியும் முன்னோடி முயற்சி ஒன்று, 1960களில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு காஞ்சிபுரத்தில் நடந்தது. செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி 1965இல் தோன்றியது. 1969இல் அண்ணா புற்றுநோயால் மறைந்தபின், அவர் பெயரிலேயே காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. ஒரு முதலமைச்சரின் மரணம் நெசவாளர் ஊருக்கு ஒரு கதிர்க்கருவியைக் கொண்டுவந்தது எனலாம்.

கத்தியா, கதிரா?

தொடக்கநிலை நோய்க்கு எது சிறந்தது என்னும் வழக்கு நெடுங்காலம் நீடித்தது. 1997இல் இத்தாலியின் லண்டோனி குழுவினர் அதற்கு ஒரு தீர்ப்பு வழங்கினர். 343 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு அறுவையும் மறு சாராருக்குக் கதிரும் கொடுத்தனர். ஐந்தாண்டு கழித்து இரு சாராரிலும் உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 83 பேர். வேறுபட்டது துன்பத்தின் அளவுதான்: அறுவைப் பிரிவில் 28 விழுக்காட்டினருக்கும் கதிர்ப் பிரிவில் 12 விழுக்காட்டினருக்கும் கடும் பின்விளைவுகள் நேர்ந்தன. அறுவைப் பிரிவில் பலருக்குப் பிறகு கதிரும் தரவேண்டியதாயிற்று. இரண்டையும் ஒருசேரத் தாங்கிய உடலே மிகுதியும் வருந்தியது. எனவே யாருக்கு எது என்பதை முன்கூட்டியே தேர்ந்து, இயன்றவரை ஒன்றோடு நிறுத்துவதே அறிவு என்னும் பாடம் நிலைபெற்றது. 1999இல் கதிரோடு சிஸ்பிளாட்டின் மருந்தையும் சேர்ப்பது சாவைப் பெரிதும் குறைக்கும் எனப் பல ஆய்வுகள் ஒருங்கே நிறுவின.

புதுமை எல்லாம் முன்னேற்றமன்று என்பதற்கும் இந்நோய் ஒரு சான்று தந்தது. சிறு துளைவழி செய்யும் அறுவை, வயிற்றைத் திறந்து செய்வதற்கு ஈடானது என்றே உலகம் நம்பியிருந்தது. 2018இல் 631 பெண்களிடம் நடந்த பன்னாட்டு ஆய்வு வெளியானபோது அந்நம்பிக்கை உடைந்தது. நாலரை ஆண்டு கழித்து நோயின்றி இருந்தோர் திறந்த அறுவையில் நூற்றுக்கு 96.5, துளைவழியில் 86. மாறாக, குறைத்தும் வெல்லலாம் என்று 2024இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. இரண்டு சென்டிமீட்டருக்கு உட்பட்ட, ஆழம் குறைந்த புற்றுக்கு, வெர்த்தைமின் பேரறுவைக்கு மாற்றாக எளிய கருப்பை நீக்கமே போதும். மூன்றாண்டில் இடுப்புக்குழியில் நோய் திரும்பியோர் பேரறுவையில் 2.17 விழுக்காடு, எளிய அறுவையில் 2.52 விழுக்காடு. சிறுநீர்த் தொல்லையோ எளிய அறுவையில் குறைவு. பிள்ளை வேண்டும் இளம் பெண்ணுக்குக் கருப்பையைக் காத்து வாயை மட்டும் நீக்கும் முறையை பிரான்சின் டானியல் டார்ஜான் 1987லேயே தொடங்கியிருந்தார்.

ஆக, படிநிலைதான் விதியை எழுதுகிறது. நுண்ணோக்கிக்கு மட்டுமே புலப்படும் புற்று என்றால், கூம்பு வடிவில் ஒரு சிறு வெட்டே பெரும்பாலும் போதும். ஏறத்தாழ அனைவரும் பிழைப்பர். கருப்பை வாய்க்குள் அடங்கிய சிறு கட்டி என்றால் பத்தில் எட்டு ஒன்பது பேர். இடுப்புச்சுவர் தொட்டபின் பாதிப்பேருக்கும் குறைவு. நோய் ஒன்றுதான், வந்து சேர்ந்த நாள்தான் வேறு.

காடியின் கதை

அந்த நாளை முன்தள்ளுவது எப்படி? மேலைநாடுகள் பாப்பனிகொலாவின் செல் பரிசோதனையால் அதைச் சாதித்தன. ஆனால் அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும், நுண்ணோக்கி வேண்டும், முடிவு சொல்ல மறுமுறை பெண்ணை அழைக்க வேண்டும். நம் ஊருக்கேற்ற விடை திண்டுக்கல் மாவட்டத்தில் கிடைத்தது. அசெட்டிக் அமிலத்தை, அதாவது நம் பாட்டிமார் ‘காடி’ என்றழைத்த புளிப்பின் சாரத்தை, நீரில் கலந்து கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், கெடத்தொடங்கிய திசு வெளுத்துக் காட்டும். செவிலியரே பார்த்துச் சொல்லிவிடலாம்; அன்றே உறைகுளிர் கொடுத்து அதை அழித்தும்விடலாம்.

அம்பிளிக்கை கிறிஸ்தவ சமூக மருத்துவ மையமும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் அடையாறு மருத்துவமனையின் துணையோடு 2000இல் தொடங்கிய இவ்வாய்வின் முடிவு 2007இல் வெளியானது. 30 முதல் 59 வயதுவரையுள்ள 80,000 பெண்கள் அதில் அடங்குவர். ஒருமுறை காடிச் சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், புதிய நோய் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. கதிர்க்கருவியின் விலைக்கும் ஒரு புட்டிக் காடியின் விலைக்கும் உள்ள வேறுபாட்டை நினைத்தால் இதன் பெருமை விளங்கும்.

ஆனால் வரலாறு பெருமையை மட்டும் எழுதக்கூடாது. ஒப்பிடுவதற்கென்று சோதனை செய்யாமல் விடப்பட்ட ஊர்களும் அதே மாவட்டத்தில் இருந்தன. அங்கே 92 பெண்கள் இந்நோயால் இறந்தனர். திண்டுக்கல்லோடு மகாராஷ்டிரத்தில் நடந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்தால், சோதனை பெறாத பிரிவுகளில் இறந்தோர் 254 பேர் என்னும் கணக்கு பின்னாளில் பெரும் விவாதமாயிற்று. அன்று நாட்டில் எங்குமே பரிசோதனை இல்லை, எனவே அவர்களிடமிருந்து எதுவும் பறிக்கப்படவில்லை என்பது ஆய்வாளர் தரப்பு. பயன் தரும் சோதனை ஒன்று உலகில் இருக்கும்போது, ஏழைப் பெண்ணுக்கு ‘ஒன்றுமில்லை’ என்பதை அளவுகோலாக வைக்கலாமா என்பது எதிர்த்தரப்பு. இரண்டையும் கேட்டபின் நமக்குத் தோன்றுவது இதுதான்: அந்த ஊர்களின் பெண்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவர்கள் இறப்பால் நிறுவப்பட்ட உண்மையைப் பயன்படுத்தாமல் விடுவது அக்கடனை மறுப்பதாகும்.

தமிழக அரசு 2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இச்சோதனையை முன்னோட்டமாகத் தொடங்கி, 2012இலிருந்து மாநிலமெங்கும் விரித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றி, சில நிமிடங்களில் முடியும் சோதனை இது. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு 1980களின் தொடக்கத்தில் காட்டிய எண்ணோடு ஒப்பிட்டால், அந்நகரில் இந்நோய் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. மணவயது உயர்ந்தது, பிள்ளைப்பேறு குறைந்தது, பெண்கள் படித்தது ஆகியவையும் அதற்குக் காரணங்கள்.

சொல்லின் நோய்

எஞ்சி நிற்கும் தொலைவு பெரிதும் மொழியில் இருக்கிறது. மணவுறவுக்குப் பின் உதிரம் கசிவது, மாதவிலக்கு நின்று ஆண்டுகள் கழித்து மீண்டும் இரத்தம் காண்பது, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல்: இவையே நோய் தரும் முதல் தூதுகள். இவற்றைக் கணவனிடமோ மகனிடமோ சொல்ல நம் பெண்களுக்குச் சொல் இல்லை. ‘சூடு’ என்பர்; ‘பலவீனம்’ என்பர். சங்கம் தொட்டுப் பெண்ணுடலைப் பாடிக்கொண்டிருக்கும் மொழி இது. ஆனால் ஒரு பெண் தன் உறுப்பைத் தானே பெயர் சொல்லி மருத்துவரிடம் பேச, அதில் நாம் இடம் வைக்கவில்லை.

1983இல் ஜெர்மனியின் ஹரால்டு சூர் ஹௌசன் இந்நோயின் மூலம் ஒரு வைரஸ் என்பதை நிறுவினார். 2008இல் நோபல் பரிசு பெற்றார். மணவுறவால் பரவுவது என்றதும் நம் ஊரில் அது உடனே ‘ஒழுக்கம்’ என்னும் நீதிமன்றத்துக்குப் போய்விடுகிறது. உண்மை என்னவெனில், உறவு கொள்ளும் ஆணும் பெண்ணும் பெரும்பாலோர் வாழ்வில் ஒருமுறையேனும் இவ்வைரஸைச் சந்திப்பவரே. பத்தில் ஒன்பது பேரின் உடல் ஓரிரு ஆண்டில் அதை விரட்டிவிடும். தங்கிவிட்ட சிலருக்கே, பதினைந்து இருபது ஆண்டு கழித்து அது புற்றாகிறது. ஒரே கணவனோடு வாழ்ந்த பெண்ணுக்கும் வரலாம். இதில் கற்புக்கும் களங்கத்துக்கும் வேலையே இல்லை.

அந்த இருபதாண்டு இடைவெளிதான் நமக்குக் கிடைத்திருக்கும் வரம். அதன் தொடக்கத்தில் தடுப்பூசியும் நடுவில் காடிச் சோதனையும் நிற்கின்றன. இரண்டையும் தவறவிட்டவர்க்கே கத்தியும் கதிரும். பெண் குழந்தைகளுக்கு ஒரு தவணை ஊசியே நெடுங்காலம் காக்கும் என்பதற்கான முதன்மைச் சான்றுகளுள் ஒன்று இந்தியச் சிறுமியரிடம் கிடைத்தது. 2022இல் உள்நாட்டுத் தடுப்பூசியும் அறிமுகமானது. பதினான்கு வயதுச் சிறுமியர்க்கு இதைப் படிப்படியாக வழங்குவதாகத் தமிழக அரசு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்து, 36 கோடி ரூபாய் ஒதுக்கியது.

வாசகர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. முப்பது வயது கடந்த தாய், தமக்கை, மனைவி, வீட்டு வேலைக்கு வரும் அம்மா ஆகிய எல்லோரிடமும் இந்நோயின் பெயரை முணுமுணுக்காமல் முழுதாகச் சொல்லுங்கள். அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 1898இல் வியன்னாவில் புறப்பட்ட சிகிச்சை, அடையாற்றுக்கு ஐம்பத்தாறு ஆண்டில் வந்து சேர்ந்தது. அடையாற்றிலிருந்து நம் தெருவுக்கு வர இன்னும் எத்தனை ஆண்டு என்பதைத் தீர்மானிப்பது இனி மருத்துவமன்று, நம் பேச்சுதான்.